இஸ்பஹானில் கொத்தனார் பெயர் உண்டு, பத்து காஜாவில்?

(தாப்பாவில் பதிவான தொலைக்காட்சிக் கருத்தரங்கில், பயண நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய இருவரும் பயணத்தின் பயன்களை விரிவாகச் சொல்லிவிட்டார்கள். அதையே நானும் சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வந்துவிடும். மதியச் சாப்பாட்டிற்குப் பிறகு பேச அழைக்கப்பட்டவள் நான். அதனால் ஒரு கடிதத்திலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் பயண நிகழ்ச்சிக்கு இந்த ஊரிலிருந்து ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியர் எழுதியிருந்தார். "பாரிசைக் காட்டினீர்கள், பாலித் தீவைக் காட்டினீர்கள். பாரசீகத்தின் இஸ்பஹானை எப்போது காட்டுவீர்கள்? நான் நாற்பது வருடம் வகுப்பறையில் சொல்லிக்கொடுத்த ஊர் அது. போகக் காசு இல்லை. கண்ணாலாவது பார்த்துவிடுகிறேன்" என்று இருந்தது. கடைசி வரி என்னை உலுக்கிவிட்டது. நானும் இஸ்பஹானுக்குப் போனதில்லை. எங்கள் நிலையத்தின் செலவுக் கணக்கும் அவ்வளவு தூரம் இடம் கொடுக்காது. ஆனால் அந்தக் கடிதத்திற்குப் பதில் எழுத வேண்டுமே என்று படிக்க ஆரம்பித்தேன். படித்ததைத்தான் முதலில் சொல்லப் போகிறேன்.

1598-ஆம் ஆண்டில் ஷா அப்பாஸ் என்ற மன்னர் பாரசீகத்தின் தலைநகரை இஸ்பஹானுக்கு மாற்றினார். நகரின் நடுவே ஒரு பெரிய சதுக்கம் அமைத்தார். நீளம் சுமார் 560 மீட்டர், அகலம் 160 மீட்டர். ஐந்து கால்பந்துத் திடல்களை வரிசையாகப் போட்டாலும் நீளத்தில் இன்னும் மிச்சமிருக்கும். சதுக்கத்தின் தெற்கே 1611-இல் தொடங்கப்பட்ட நீல ஓட்டுப் பெரிய பள்ளிவாசல். மேற்கே மன்னர் உட்கார்ந்து விளையாட்டுப் பார்த்த அலி காப்பு மாளிகை. வடக்கே கடைத்தெருவின் வாசல். கிழக்கே ஒரு சின்னப் பள்ளிவாசல் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு வருகிறேன், ஏனென்றால் என் பேச்சே அதில்தான் இருக்கிறது. குதிரை மேல் ஏறிப் பந்தடிக்கும் போலோ ஆட்டத்தின் கல் கம்பங்கள் சதுக்கத்தின் இரு முனைகளிலும் இன்னமும் நிற்கின்றன. 1979-இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

அங்கே ஜாயந்தே ரூட் என்று ஓர் ஆறு. அதன் மேல் 33 வளைவுகள் கொண்ட பாலம். நம் ஊரில் பாலம் என்றால் கடந்து போவதற்கு. அங்கே மாலை நேரத்தில் குடும்பத்தோடு பாலத்திற்கே போகிறார்கள். இன்னொரு பாலமான காஜுவின் வளைவுகளுக்குக் கீழே நின்று பாடுகிறார்கள், கல்லில் குரல் நன்றாக எதிரொலிக்குமாம். வருத்தமான செய்தி என்னவென்றால், அந்த ஆறு இப்போது வருடத்தில் பல மாதங்கள் வறண்டு கிடக்கிறது. கிந்தா ஆறும் பாத்தாங் பாடாங் ஆறும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஊர்க்காரர்கள் நாம், கொடுத்து வைத்தவர்கள்.

"இஸ்பஹான் பாதி உலகம்" என்று பாரசீகர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கொஞ்சம் அதிகம்தான். ஆனால் நம்மிடம் அந்தப் பாதி உலகத்தில் கொஞ்சம் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

முதலில் வார்த்தையைப் பாருங்கள். சனிக்கிழமை இரவு "பாசார் மாலாம் போய்விட்டு வருகிறேன்" என்கிறோம். பாசார் பாரசீகச் சொல், நம் தமிழில் பஜார் என்று வந்ததும் அதே சொல்தான். ஊருக்கு "பண்டார்" என்கிறார்களே மலாயில், அதுவும் பாரசீகம். துறைமுகம் என்று பொருள். கப்பல் தலைவனை மலாயில் நகோடா என்பார்கள், அதுவும் அங்கிருந்து வந்ததே. தர்பார், சர்க்கார் என்று பாட்டன் காலத்திலிருந்து நாம் சொல்லி வருவதும் அப்படித்தான். வணிகர்கள் கப்பலில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போன சரக்கு இவை. கப்பல் போய்விட்டது, சொல் தங்கிவிட்டது.

அடுத்தது கட்டடம். பாரசீகத்தின் வெங்காய வடிவக் கோபுரமும் உயரமான வளைவு வாசலும் முகலாயர்களோடு இந்தியாவுக்கு வந்தன. தாஜ்மகாலில் அவை தெரியும். பிறகு ஆங்கிலேயர்கள் அந்த முகலாயக் கோபுரங்களையும் தங்கள் நாட்டுக் கட்டட முறையையும் கலந்து ஒரு புதுப் பாணி உண்டாக்கினார்கள். அதன் முதல் கட்டடம் எங்கே என்று கேட்டால், பலரும் காட்டுவது சென்னையில் உள்ள சேப்பாக்கம் மாளிகையை, ஆற்காட்டு நவாபுக்காக 1768-இல் கட்டப்பட்டது. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குச் சேப்பாக்கம் என்றால் திடல்தான் நினைவு வரும். பக்கத்தில் இந்த மாளிகையும் இருக்கிறது.

அந்தப் பாணியை மலாயாவுக்குக் கொண்டுவந்து நிறுத்தியவர்களில் முக்கியமானவர் ஆர்தர் பெனிசன் ஹப்பேக். லிவர்பூல்காரர். 1895-இல் இங்கு வந்தார். கோலாலம்பூர் ஜாமெக் பள்ளிவாசல், பழைய ரயில் நிலையம் எல்லாம் அவர் கை. கோலகங்சாரின் உபுடியா பள்ளிவாசல் 1917-இல் முடிந்தது, அதுவும் அவருடையதே. அதற்காக இத்தாலியிலிருந்து வந்த பளிங்குக் கற்களை அரண்மனை யானைகள் மிதித்து உடைத்துவிட்டதால் மறுபடியும் வரவழைக்க வேண்டியிருந்தது என்று சொல்வார்கள். ஒப்பந்தக்காரர் தாமதத்திற்குச் சொன்ன காரணங்களிலேயே இதுதான் சிறந்தது என்பது என் எண்ணம்.

அதே 1917-இல் நிறைவு பெற்றதுதான் ஈப்போ ரயில் நிலையம். வெள்ளைக் கோபுரம், வரிசையாக வளைவுகள், 600 அடி நீள வராந்தா. ஈப்போக்காரர்கள் இதற்குத் தாஜ்மகால் என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆக, இஸ்பஹானின் வளைவு ஆக்ராவுக்கு வந்து, சென்னையைச் சுற்றி, இங்கிருந்து 60 கிலோ மீட்டரில் நிற்கிறது. தாப்பா ரோட்டில் ரயில் ஏறினால் நேரே அதன் வயிற்றுக்குள்ளேயே போய் இறங்கலாம். அந்த ஆசிரியருக்கு நான் எழுதிய பதிலின் முதல் பாதி இதுதான்.

தாப்பா ரோடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது ஏதோ வழியில் இருக்கிற சின்ன நிலையம். 1893-இலேயே அங்கிருந்து தெலுக் ஆன்சனுக்கு, அதாவது இன்றைய தெலுக் இந்தானுக்கு, ரயில் ஓடியது. கப்பலில் வந்த சரக்கும் ஆட்களும் அந்தத் தடத்தில்தான் உள்ளே வந்தார்கள். இந்த அரங்கில் இருப்பவர்களில் எத்தனை பேருடைய பாட்டனும் பூட்டியும் அந்தப் பெட்டியில் தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்திருப்பார்களோ! இப்போது அந்தத் தடத்தில் ரயில் இல்லை.

ஈப்போவில் இறங்கியவர்கள் மணிக்கூண்டையும் பார்க்க வேண்டும். ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச் பேராக்கின் முதல் ஆங்கிலேய ரெசிடெண்ட். 1875-இல் பாசீர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அவர் நினைவாக 1909-இல் இந்தக் கூண்டு எழுந்தது, அப்போது பேராக்கின் ரெசிடெண்டாக இருந்தவர் அவருடைய மகன். சுற்றிலும் மனித நாகரிக வளர்ச்சியைக் காட்டும் 44 உருவங்களைத் தீட்டியிருக்கிறார்கள். இப்போது அந்தக் கூண்டு நிற்கும் சாலையின் பெயர்ப் பலகையைப் படியுங்கள். டத்தோ சாகோர் சாலை. யார் அந்த டத்தோ சாகோர்? பர்ச்சைக் கொன்ற வழக்கில் 1877-இல் மகாராஜா லேலாவோடு தூக்கிலிடப்பட்டவர். கொல்லப்பட்டவருக்குக் கூண்டு, அதற்காகத் தூக்கில் ஏறியவருக்குச் சாலை. இரண்டு பெயரும் எதிரெதிரே நிற்கின்றன. சுதந்திரம் கிடைத்த நாடு கூண்டை இடிக்கவில்லை, பெயர்ப் பலகையை மட்டும் மாற்றியது. எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

பெயர் என்று சொல்லிவிட்டேன். இனி அந்தச் சின்னப் பள்ளிவாசலுக்கு வருகிறேன்.

இஸ்பஹான் சதுக்கத்தின் கிழக்குப் பக்கத்தில் இருப்பது ஷேக் லுத்புல்லா பள்ளிவாசல். 1603-இல் தொடங்கி 1619 வரை கட்டினார்கள். இதற்கு மினாரா கிடையாது, முற்றம் கிடையாது. வாசல் சதுக்கத்தைப் பார்த்திருக்கிறது, தொழுகை மக்காவை நோக்கி இருக்க வேண்டும், அதனால் உள்ளே போகும் நடை வளைந்து திரும்புகிறது. இருட்டான நடையில் நடந்து திரும்பினால் திடீரென்று மண்டபம். அதன் கோபுரம் வெளியே சந்தன நிறம், வெயில் சாயச் சாய இளஞ்சிவப்பாகத் தெரியுமாம். படத்தில் பார்த்ததற்கே எனக்கு வாய் அடைத்துவிட்டது.

ஆனால் நான் நின்றுவிட்டது வேறோர் இடத்தில். தொழுகை மாடத்தின் உள்ளே, ஓட்டில் எழுத்தாகவே பதித்து, கட்டியவரின் பெயர் இருக்கிறது. முகம்மது ரிஸா. இஸ்பஹானைச் சேர்ந்த உஸ்தாத் ஹுசேன் என்பவரின் மகன். "பன்னா" என்று தொழிலையும் சேர்த்துப் போட்டிருக்கிறது. பன்னா என்றால் கட்டடம் கட்டுபவர், நம் சொல்லில் கொத்தனார். ஹிஜ்ரி 1028 என்று ஆண்டும் இருக்கிறது. மன்னர் கட்டச் சொன்ன பள்ளிவாசலில், மன்னர் தொழும் திசையில், கட்டியவர் பெயரும் அவர் அப்பா பெயரும். நானூறு வருடம் ஆகியும் படிக்கலாம்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் வெட்கமான கதை.

உங்களில் பலர் கெல்லி கோட்டைக்குப் போயிருப்பீர்கள். தாப்பாவிலிருந்து கம்பார், கோப்பெங் கடந்து, பத்து காஜா சாலையில் திரும்பினால், காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. சுங்கை ராயா ஆற்றங்கரை மேட்டில், முடிவுறாத அந்த மாளிகை நிற்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர். 1870-இல் பிறந்தவர், இருபது வயதில் மலாயாவுக்கு வந்தார். நிலம் வாங்கி ரப்பர் போட்டார், ஈயத்திலும் இறங்கினார். தோட்டத்திற்குத் தம் ஊர்ப் பெயரைச் சேர்த்து கிந்தா கெல்லாஸ் என்று பெயர் வைத்தார். 1915-இல் மகன் பிறந்த ஆண்டில் இந்த மாளிகையைத் தொடங்கினார். ஆறு மாடிக் கோபுரம், அதில் மின்தூக்கி வைக்கத் திட்டம். மலாயாவில் அதுதான் முதல் மின்தூக்கியாக இருந்திருக்கும் என்பார்கள். செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து. வேலைக்குச் சென்னையிலிருந்து 70 கைவினைஞர்கள். 1926-இல் ஸ்மித் லிஸ்பன் நகரில் நிமோனியாவால் இறந்தார். மனைவி இங்கு திரும்பவில்லை, சொத்து கம்பெனிக்கு விற்கப்பட்டது, கட்டடம் பாதியில் நின்றது.

வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில் தொழிலாளர்களிடையே கொள்ளை நோய் பரவியது. ஸ்பானியக் காய்ச்சல் என்கிறார்கள். ஆட்கள் செத்தார்கள். மிஞ்சியவர்கள் துரையிடம் போய், அம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று கேட்டார்கள். நோய் கண்டால் மாரியம்மன்தானே நமக்கு! துரை இசைந்தார். கோட்டைக்குச் சற்றுத் தள்ளி மகா மாரியம்மன் கோயில் எழுந்தது. நன்றிக்காக நம் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கோயிலின் மேலே, தெய்வ உருவங்களின் வரிசையில், கோட் அணிந்த துரையின் உருவத்தையும் செய்து நிறுத்திவிட்டார்கள்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் நிகழ்ச்சிக்காக அங்கே படம்பிடிக்கப் போனோம். 1999-இல் வெளிவந்த ஹாலிவுட் படமான 'அன்னா அண்ட் த கிங்'கில் இந்தக் கோட்டை வருகிறது, அதைச் சொல்லலாம், பேய்க் கதையைச் சொல்லலாம் என்று திட்டம். பேய் என்றால் நேயர்கள் அலைவரிசை மாற்ற மாட்டார்கள். இது எங்கள் தொழில் ரகசியம், வெளியே சொல்லாதீர்கள். சுரங்கப் பாதையில் விளக்கை அணைத்துவிட்டு நான் நடக்க, கேமராக்காரர் பின்னால் வர, நன்றாகவே வந்தது.

மதியம் கோயில் பக்கம் போனோம். அங்கே ஒரு பாட்டி கூட்டிக்கொண்டிருந்தார். எண்பது வயதைத் தாண்டியவர். "பசியாறிட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். கேமராவைப் பார்த்துவிட்டு, "பேயைத் தேடி வந்தீங்களாக்கும்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பிறகு உட்கார்ந்து பேசினார். பால்மரம் வெட்டியது, லயத்தில் பிள்ளை பெற்றது, தண்டல் காலையில் ஆள் எண்ணியது எல்லாம் சொன்னார். அவருடைய தாத்தா அந்தக் கோட்டைக்குச் செங்கல் சுமந்தவராம். "எங்க தாத்தா பேரு, அவரோட வந்தவங்க பேரு எல்லாம் எங்க ஆயி சொல்லிக் குடுத்திருக்கா. சாமி கும்பிடுறப்போ சொல்லணும்னு" என்று, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொன்னார். பேரும், வந்த ஊரும். பாதியில் ஒன்று மறந்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். வாய்ப்பாடு சொல்லும் பிள்ளை போல.

"நீ டீவியில இதைப் போடுவியாம்மா?" என்று கேட்டார். போடுவேன் பாட்டி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போடவில்லை. இருபத்திரண்டு நிமிடத்திற்குள் அடக்க வேண்டும். பேய் மூன்று நிமிடம், சினிமா இரண்டு நிமிடம், பக்கத்து உணவுக் கடை மூன்று நிமிடம். பாட்டி மெதுவாகப் பேசுகிறார், நடுவில் மறக்கிறார், வேகம் குறைகிறது. வெட்டியது யாரோ மேலதிகாரி என்று சொல்லித் தப்பிக்கலாம். வெட்டியது நான்தான். படத்தொகுப்பு அறையில் என் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் "இதை வைக்கலாமே" என்றார். நான்தான் வேண்டாம் என்றேன்.

இஸ்பஹான் கொத்தனாரின் பெயரைப் படித்த இரவில் எனக்கு நினைவு வந்தது இந்தப் பாட்டியின் குரல். கோட்டை முழுவதும் மறுபடியும் போய் நடந்து பார்த்தேன். நான் பார்த்த எந்தப் பலகையிலும் 70 பேர் என்ற எண் உண்டே தவிர, ஒரு பெயர்கூட இல்லை. துரையின் பெயர் உண்டு, மனைவி பெயர் உண்டு, பிள்ளைகள் பெயர் உண்டு. நம் ஆட்கள் தங்கள் கோயிலில் துரைக்கு இடம் கொடுத்தார்கள். துரையின் கோட்டையில் அவர்களுக்கு ஓர் ஓடுகூட இல்லை. இதற்காக ஸ்மித்தை இன்று போய்க் கடிந்துகொள்வதில் பயனில்லை, அந்த மனிதருக்கே வீடு முடியவில்லை. நூறு வருடம் கழித்து, கையில் கேமரா இருந்தும் அந்தப் பெயர்களை வெட்டிப் போட்டவளைக் கேளுங்கள்.

இங்கே வந்திருக்கும் பெற்றோர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இஸ்பஹானுக்குப் போக முடிந்தவர்கள் தாராளமாகப் போங்கள். அந்த ஓட்டெழுத்தைப் பார்த்துவிட்டு வந்து எனக்கும் சொல்லுங்கள். போக முடியாதவர்கள் வரும் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் வீட்டில் இருக்கும் பெரியவரையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். முன் இருக்கையில் உட்கார வையுங்கள். வழி நெடுக, "இது எந்தத் தோட்டம் தாத்தா? இங்கே லயம் எங்கே இருந்தது? கோயிலை யார் கட்டினார்கள்?" என்று பிள்ளைகள் கேட்கட்டும். கம்பாரிலிருந்து கோப்பெங் வரை இன்று செம்பனையும் வீடமைப்பும் தெரியும் இடங்களில் எத்தனையோ தோட்டங்கள் இருந்தன. பெயர்ப் பலகை போய்விட்டது. பெயர் தெரிந்தவர்கள் இன்னும் நம் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். கைப்பேசியில் பதிவு செய்ய ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். நல்ல கேமரா வேண்டாம், வெளிச்சம் சரியில்லை என்று ஒத்திப் போட வேண்டாம். இதைத் தொழில்முறையாகச் செய்யும் நான் சொல்கிறேன், வெளிச்சம் எப்போதுமே சரியாக இருக்காது.

அந்த ஆசிரியருக்கு எழுதிய பதிலின் இரண்டாவது பாதியாக இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். அவர் திரும்ப எழுதினார். வளைவுகள் பற்றிய பகுதியைப் பாராட்டிவிட்டு, "பாட்டி சொன்ன பெயர்கள் என்ன?" என்று ஒரே வரியில் கேட்டிருந்தார். ஆசிரியர் அல்லவா, வீட்டுப் பாடம் முடிக்காத பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டார்.

பாட்டி இப்போது இல்லை. நான் இரண்டாவது முறை போனபோது கோயிலை வேறொருவர் கூட்டிக்கொண்டிருந்தார். ஆனால் எங்கள் நிலையத்தில் பழைய மூலப் பதிவுகளை அழிக்கும் பட்டியல் வந்தபோது, யாருடைய புண்ணியமோ, அந்த வட்டு அதில் இல்லை. தேடி எடுத்துவிட்டேன்.

அந்தப் பெயர்களை நான் என் வாயால் சொல்லப் போவதில்லை. மொத்தம் நான்கு நிமிடம். ஒரு வெட்டுகூட இல்லை, அவர் மறந்து மீண்டும் தொடங்கும் இடமும் அப்படியே இருக்கிறது. ஐயா, அந்த விளக்குகளை மட்டும் கொஞ்சம் அணைத்துவிடுகிறீர்களா?